ஒரு நாள் ஓட்டத்தில் வெல்பவர் யார்? சைக்கிளோட்டக் கணிப்புக் கலையும் பன்வில மலைவீதிகளும்

தொழில்முறை வீதிச் சைக்கிளோட்டம் இரு பெரும் வகைகளாக நடைபெறுகிறது. பிரான்ஸ் சுற்றோட்டத்தைப் போல மூன்று வாரங்கள் நீண்டு, நாளுக்கொரு கட்டமாக ஓடி, ஒவ்வொரு நாளின் நேரத்தையும் கூட்டி வெற்றியாளரைத் தீர்மானிக்கும் போட்டிகள் ஒரு வகை. காலையில் தொடங்கி அன்று மாலைக்குள் முடிந்துவிடும் ஒரு நாள் போட்டிகள் மற்றொரு வகை. இந்த ஒரு நாள் போட்டிகளுள் நெடுங்காலப் பழமையும் தனி மதிப்பும் பெற்றவை கிளாசிக் ஓட்டங்கள் எனப்படுகின்றன. அவற்றுள்ளும் மொனுமென்ட் எனச் சிறப்பிக்கப்படும் ஐந்து ஓட்டங்கள் முதன்மையானவை: 1892இல் தொடங்கிய பெல்ஜியத்தின் லியேஜ்–பஸ்தோன்–லியேஜ், 1896இல் தொடங்கிய பிரான்ஸின் பாரிஸ்–ரூபே, 1905இல் தொடங்கிய இத்தாலியின் லொம்பார்டியா, 1907இல் தொடங்கிய மிலான்–சான் ரெமோ, 1913இல் தொடங்கிய பெல்ஜியத்தின் பிளாண்டர்ஸ் சுற்றோட்டம் ஆகியனவே அவை. ஐந்தையும் வென்றவர்கள் 2025ஆம் ஆண்டின் இறுதிவரை மூவரே. ரிக் வான் லோய், எடி மெர்க்ஸ், ரோஜர் டி விலாமிங்க் என்னும் அம்மூவரும் பெல்ஜியத்தைச் சேர்ந்தவர்கள்.

பல கட்டப் போட்டியில் ஒரு நாள் சறுக்கியவர் மறுநாள் அதை ஈடுசெய்ய வழி உண்டு. ஆகவே மூன்று வாரங்களின் முடிவில் மிக வலிமையானவரே பெரும்பாலும் முன்னிற்கிறார். ஒரு நாள் ஓட்டத்தில் அந்த வாய்ப்பு இல்லை. தலா ஏழு வீரர்களைக் கொண்ட 25 அணிகள், அதாவது ஏறத்தாழ 175 பேர், ஒரே கோட்டிலிருந்து புறப்பட்டு, ஆறு மணிநேரத்திற்கு மேல் ஓடி, சில வேளைகளில் சக்கரத்தின் அளவேயான இடைவெளியில் வெற்றியும் தோல்வியும் பெறுகின்றனர். அத்தகைய போட்டியில் எவர் சிறப்பார் என்பதை முன்கூட்டியே சொல்ல முடியுமா, முடியுமாயின் எதை அளந்து சொல்வது என்னும் கேள்வி அணி முகாமையாளர்களையும் உடற்றொழிலியல் அறிஞர்களையும் புள்ளிவிவர ஆய்வாளர்களையும் ஒருசேர ஈர்த்துள்ளது. கண்டி மாவட்டத்தின் பன்வில போன்ற மலைப்பகுதிகளில் சைக்கிள் ஓட்டும் இளைஞர்களுக்கும் அவர்களைப் பயிற்றுவிப்போருக்கும் இந்தக் கேள்வி தொலைதூர ஐரோப்பாவின் விடயம் மட்டுமன்று. ஒருவரின் திறமையை எங்கே, எப்போது அளக்க வேண்டும் என்பதற்கான விடையும் அதனுள் அடங்கியிருக்கிறது.

வீதியே முதற் கேள்வி

கிளாசிக் ஓட்டங்களைப் பற்றிய எந்தக் கணிப்பும் வீரரிடமிருந்து தொடங்குவதில்லை, வீதியிலிருந்தே தொடங்குகிறது. பாரிஸ்–ரூபே ஏறத்தாழ 260 கிலோமீற்றர் நீளமுடையது; அதில் மலையே இல்லை; ஆனால் ஏறத்தாழ 55 கிலோமீற்றர் தூரம் பழைய காலத்துக் கருங்கற்கள் பதித்த பண்ணைப் பாதைகளின் மீது ஓட வேண்டியிருக்கிறது. பிளாண்டர்ஸ் சுற்றோட்டத்தில் கற்பாதைகளோடு குறுகிய செங்குத்து ஏற்றங்களும் சேர்கின்றன. பட்டர்பெர்க் என்னும் ஏற்றம் 400 மீற்றருக்கும் குறைவான நீளமே கொண்டது எனினும் அதன் மிகக் கடினமான பகுதி நூற்றுக்கு இருபது என்னும் சரிவை எட்டுகிறது. லியேஜ் ஓட்டத்தில் கற்பாதை இல்லை. மாறாக ஆர்தென் குன்றுகளில் ஏறி ஏறி இறங்குவதால் ஒரே நாளில் மொத்தம் 4000 மீற்றருக்கும் மேல் உயர வேண்டியுள்ளது. இலங்கையின் மிக உயர்ந்த சிகரமான பிதுருதலாகலையின் உயரம் 2524 மீற்றர் என்பதை எண்ணிப் பார்த்தால் அந்த ஏற்றத்தின் அளவு விளங்கும். மிலான்–சான் ரெமோ ஏறத்தாழ 290 கிலோமீற்றர் நீண்டு, பெரும்பாலும் சமதரையிலும் கடற்கரையோரத்திலும் ஓடிய பின்னர், பொஜ்ஜியோ என்னும் சிறு குன்றில் ஏறி, அதன் உச்சியிலிருந்து ஐந்தரைக் கிலோமீற்றர் தொலைவில் முடிகிறது. கொழும்பிலிருந்து கண்டிக்கு வந்து மீண்டும் கொழும்புக்கே திரும்பினாலும் இத்தூரத்தை எட்ட முடியாது.

வீதியின் தன்மை உடலமைப்பைத் தெரிவு செய்கிறது. செங்குத்தான ஏற்றத்தில் வீரர் எதிர்த்துப் போராடுவது புவியீர்ப்பை. ஆகவே அங்கே முக்கியமாவது அவர் வெளியிடும் மொத்த வலு அன்று. உடல் எடையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் அவர் வெளியிடும் வலுவே ஆகும். வலு என்பது ஒரு விநாடியில் செய்யப்படும் வேலையின் அளவு. அது வாற்று என்னும் அலகினால் அளக்கப்படுகிறது. சைக்கிளின் மிதிகட்டையிலோ அதன் அச்சிலோ பொருத்தப்படும் வலுமானி இதைக் கணத்துக்குக் கணம் காட்டுகிறது. சமதரையிலோ வீரரின் பெரும் எதிரி காற்று. காற்றை எதிர்க்கத் தேவையான வலு வேகத்தின் மும்மடிக்கேற்ப உயர்வதால், வேகத்தை இரட்டிப்பாக்க எட்டு மடங்கு வலு தேவைப்படுகிறது. அங்கே எடை ஒரு பெரிய சுமையாவதில்லை, மொத்த வலுவே பேசுகிறது. பாரிஸ்–ரூபேயை நான்கு முறை வென்ற டொம் பூனென், மூன்று முறை வென்ற ஃபேபியன் கன்செல்லாரா ஆகியோர் 80 கிலோகிராமுக்கு மேற்பட்ட பேருடல் கொண்டவர்களாக இருந்தமைக்கும், லியேஜ், லொம்பார்டியா ஓட்டங்களில் மெலிந்த மலையேற்ற வீரர்கள் சிறந்தமைக்கும் காரணம் இதுவே.

எனினும் இந்த விதி இரும்பு விதியன்று. ஏறத்தாழ 66 கிலோகிராம் எடையுள்ளவரும் பிரான்ஸ் சுற்றோட்டத்தை வென்ற மலையேற்ற வீரருமான ஸ்லோவேனியாவின் டாடெய் பொகாச்சார், 2023லும் 2025லும் பிளாண்டர்ஸ் சுற்றோட்டத்தை வென்றார். 2025இல் முதன்முறையாகப் பங்குபற்றிய பாரிஸ்–ரூபேயில், இறுதிக் கட்டத்தில் விழுந்தும் இரண்டாமிடம் பெற்றார். எடையும் உடலமைப்பும் ஒருவர் எந்த ஓட்டத்தில் சிறக்கக்கூடும் என்பதை ஓரளவு சுட்டுகின்றன; அவர் வெல்வாரா என்பதைத் தீர்மானிப்பவை வேறு.

களைப்புக்குப் பின் எஞ்சும் வலு

நீண்ட காலமாக உடற்றொழிலியல் அறிஞர்கள் தாங்குதிறன் விளையாட்டு வீரரை மூன்று அளவுகளால் மதிப்பிட்டனர். ஒரு நிமிடத்தில் உடல் பயன்படுத்தக்கூடிய ஒட்சிசனின் உச்ச அளவு, அவ்வுச்சத்தின் எந்த விகிதத்தை நீண்ட நேரம் தாக்குப்பிடிக்க முடியும் என்னும் எல்லை, செலவிடும் சக்திக்கு ஈடாகக் கிடைக்கும் இயக்கத்தின் சிக்கனம் ஆகிய மூன்றும் ஆய்வுகூடத்தில், நன்கு ஓய்வெடுத்த உடலில் அளக்கப்பட்டன. ஆனால் கிளாசிக் ஓட்டம் ஓய்வெடுத்த உடலில் தீர்மானிக்கப்படுவதில்லை. ஐந்து மணிநேர ஓட்டத்துக்குப் பின், தசைகளில் சேமிக்கப்பட்ட சர்க்கரை பெருமளவு தீர்ந்து, 5000 கிலோகலோரியை நெருங்கும் சக்தி செலவாகிவிட்ட நிலையில், இறுதி ஏற்றத்தின் சில நிமிடங்களில்தான் அது தீர்மானிக்கப்படுகிறது.

இதனால் அண்மைய ஆண்டுகளில் களைப்புத்தாங்கு திறன் என்னும் நான்காவது அளவு முன்னணிக்கு வந்துள்ளது. நீடித்த உழைப்பின்போது ஒருவரின் உடற்றொழிலியல் அளவுகள் எந்த அளவுக்குச் சரிகின்றன, எப்போது சரியத் தொடங்குகின்றன என்பதை இது குறிக்கிறது. எட் மாண்டரும் அவரது சகாக்களும் 2021இல் வெளியிட்ட கட்டுரை இக்கருத்தைப் பரவலாக்கியது. அதே ஆண்டில் தோயன் வான் எர்ப் முதலான ஆய்வாளர்கள், உயர்நிலைத் தொழில்முறை வீரர்களின் வலுமானிப் பதிவுகளை ஆராய்ந்து, வெற்றி பெறும் வீரர்களைப் பிறரிடமிருந்து பிரிப்பது புத்துணர்வோடு இருக்கும்போது அவர்கள் காட்டும் உச்ச வலுவைக் காட்டிலும், பெருமளவு வேலை செய்து முடித்த பின்னரும் அந்த வலுவைத் தக்கவைத்துக்கொள்ளும் திறனே என்று காட்டினர். இளம் வீரர்களைத் தெரிவு செய்வோருக்கு இம்முடிவு மிக முக்கியமானது. ஓய்வெடுத்த உடலில் நடத்தப்படும் இருபது நிமிடச் சோதனையில் ஒரே அளவு பெறும் இருவர், நான்கு மணிநேரத்துக்குப் பின் முற்றிலும் வேறான இரு வீரர்களாக இருக்கக்கூடும்.

2021ஆம் ஆண்டின் பிளாண்டர்ஸ் சுற்றோட்டம் இதற்குத் தெளிவான சான்று. இறுதிக் கோட்டை நோக்கி நெதர்லாந்தின் மத்தியூ வான் டெர் போலும் டென்மார்க்கின் காஸ்பர் அஸ்கிரீனும் இருவராக வந்தனர். முந்திய ஆண்டின் வெற்றியாளரான வான் டெர் போல் குறுந்தூர வேகத்தில் மேம்பட்டவர் என்பதால் முடிவு அவருக்கே சாதகம் என்று பலரும் எண்ணினர். ஆனால் 250 கிலோமீற்றருக்கு மேல் ஓடிய கால்களில் அந்த வேகம் எஞ்சியிருக்கவில்லை, அஸ்கிரீன் வென்றார். ஒருவரின் உச்ச வேகம் எவ்வளவு என்பதன்று, களைத்த பின் அதில் எவ்வளவு எஞ்சும் என்பதே கிளாசிக் ஓட்டத்தின் கணக்கு. இக்கணக்கில் உணவுக்கும் பங்குண்டு. இன்றைய தொழில்முறை வீரர்கள் ஓட்டத்தின்போதே மணிக்கு 90 முதல் 120 கிராம் வரையான காபோவைதரேற்றை உட்கொள்ளப் பழகியிருப்பது, இறுதி மணிநேரத்தின் வலுவைக் காப்பதற்காகவே.

இடம் பிடிக்கும் அறிவும் அணியின் துணையும்

வலுமானி காட்டாத திறன்களும் உண்டு. சைக்கிள் வீரர்கள் நெருங்கி ஓடும் பெருங்கூட்டம் பெலட்டன் எனப்படுகிறது. அதனுள் பிறரின் பின்னால் ஒதுங்கி ஓடுபவர், முன்னால் காற்றை எதிர்கொள்பவரைவிட மூன்றில் ஒரு பங்களவு குறைவான வலுவோடு அதே வேகத்தைப் பேணலாம். ஆகவே பின்னால் ஒதுங்கியிருப்பது இலாபம். ஆனால் ஒடுங்கிய கற்பாதையோ செங்குத்து ஏற்றமோ தொடங்கும் இடத்தில் கூட்டம் நூல்போல் நீள்வதால், அங்கே ஐம்பதாவதாக நுழைபவர் முன்னவர்கள் தடுமாறினால் தாமும் நின்றுவிட நேரிடும். எங்கே ஒதுங்குவது, எப்போது முன்னேறுவது என்பதைத் தீர்மானிக்க வீதியின் ஒவ்வொரு திருப்பமும் மனத்தில் பதிந்திருக்க வேண்டும். முன்னர் அதே ஓட்டத்தில் ஒருவர் பெற்ற இடம், அவரது எதிர்கால இடத்துக்கு நல்ல சுட்டியாக அமைவதற்கு இந்த வீதியறிவும் ஒரு காரணம்.

சைக்கிளைக் கையாளும் திறன் மற்றொன்று. சேறும் மணலும் படிகளும் கொண்ட திடலில் குளிர்காலத்தில் நடைபெறும் சைக்கிளோகுரொஸ் போட்டிகளில் உலகப் பட்டம் வென்ற வான் டெர் போலும் பெல்ஜியத்தின் வாவுட் வான் ஆர்ட்டும் வீதிக் கிளாசிக் ஓட்டங்களிலும் முன்னணிக்கு வந்தது தற்செயலன்று. ஸ்லோவேனியாவின் மதெய் மொஹோரிச், 2022இல் மிலான்–சான் ரெமோவை வென்றது ஏற்றத்திலன்று, பொஜ்ஜியோவிலிருந்து இறங்கும் வளைவுகளிலேயே ஆகும். இருக்கையைத் தாழ்த்தக்கூடிய தண்டொன்றைப் பொருத்தி, உடலின் எடையைத் தரைக்கு நெருக்கமாகக் கொண்டுவந்து, பிறர் துணியாத வேகத்தில் இறங்கிப் பிரிந்து சென்றார். இத்தகைய திறனை ஆய்வுகூடத்துச் சோதனை எதுவும் முன்னறிவிக்காது.

ஒரு நாள் ஓட்டம் தனியாள் வெற்றியாகத் தோன்றினாலும் அது அணி விளையாட்டே. முந்திய ஆண்டு மிலான்–சான் ரெமோவை வென்றிருந்த வான் டெர் போல், 2024இல் தம் அணித் தோழர் யாஸ்பர் பிலிப்செனுக்காக உழைத்தார், பிலிப்சென் வென்றார். அணியின் எண்ணிக்கைப் பலமும் எப்போதும் வெற்றியைத் தருவதில்லை. 2025 ஏப்ரலில் பெல்ஜியத்தில் நடைபெற்ற டுவார்ஸ் டோர் விளாண்டெரென் ஓட்டத்தின் இறுதியில் நால்வர் எஞ்சினர். அவர்களுள் மூவர் ஒரே அணியினர். அவர்கள் மாறி மாறித் தாக்கி நான்காமவரைக் களைப்படையச் செய்யாமல், தம்முள் ஒருவரான வான் ஆர்ட்டின் இறுதி வேகத்தை நம்பி ஒன்றாகவே வந்தனர். தனித்து நின்ற அமெரிக்க வீரர் நீல்சன் பவ்லஸ் அவரை முந்தி வென்றார். அன்று பிழைத்தது கால்களின் வலுவன்று, அணியின் தீர்மானம்.

கணினி என்ன சொல்கிறது?

இவ்வளவு காரணிகளையும் ஒருவர் மனத்தில் எடைபோடுவது கடினம் என்பதால், அண்மைக் காலத்தில் இயந்திரக் கற்றல் என்னும் கணினி முறை இத்துறைக்குள் வந்துள்ளது. பழைய தரவுகளைப் பெருமளவில் ஆராய்ந்து, அவற்றிலுள்ள ஒழுங்குகளைத் தானே கண்டறிந்து, புதிய நிகழ்வுக்கு அவற்றைப் பொருத்திப் பார்க்கும் முறையே அது. பெல்ஜியத்தின் அன்ட்வெர்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லியோனிட் கொல்கினும் சகாக்களும் 2021இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு நாள் ஓட்டங்களின் முடிவுகளை வரிசைப்படுத்தக் கற்றல் என்னும் முறையால் கணிக்க முயன்றது. ஒவ்வொரு வீரரும் எத்தனை மணிநேரத்தில் ஓட்டத்தை முடிப்பார் என்று கணிப்பது பயனற்றது. காற்றின் திசையும் கூட்டத்தின் போக்கும் நேரத்தை ஆண்டுக்காண்டு மாற்றிவிடுகின்றன. யார் யாருக்கு முன்னால் வருவார் என்னும் ஒழுங்கே தேவை என்பதால், வீரர்களின் முந்தைய ஆண்டுப் பெறுபேறுகளையும் அண்மைய வாரங்களின் ஓட்டங்களையும் கொண்டு அந்த ஒழுங்கை நேரடியாகவே கற்கும்படி கணினியைப் பழக்கினர்.

கென்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் வான் புல்க் முதலானோர் வேறொரு வினாவை எடுத்துக்கொண்டனர்: இளையோர் போட்டிகளின் பெறுபேறுகளைக் கொண்டே அடுத்த எடி மெர்க்ஸைக் கண்டறிய முடியுமா என்பதே அது. இங்கே எழும் பெரிய இடர், எல்லா இளம் வீரர்களும் ஒரே போட்டிகளில் பங்குபற்றுவதில்லை என்பது. ஒருவர் ஓடாத போட்டிக்கு அவருக்கு எந்த மதிப்பை இடுவது? இடைவெளிகள் நிறைந்த பட்டியலை எப்படி நிரப்புவது? பணமும் பயண வாய்ப்பும் குறைந்த நாட்டில் பிறந்த வீரரின் பட்டியலில் இந்த இடைவெளிகளே மிகுதி. அவர் திறனற்றவர் என்பதால் அல்ல, ஓடுவதற்கு அவருக்குப் போட்டியே கிடைக்கவில்லை என்பதால் கணினியின் கண்ணுக்கு அவர் தெரியாமற் போகிறார்.

இத்தகைய கணிப்புகளை எப்படி வாசிப்பது என்பதும் கற்க வேண்டியதே. நாளை மழை பெய்ய நூற்றுக்கு 40 வாய்ப்பு உண்டு என்று வானிலை நிலையம் அறிவித்து மறுநாள் வெயில் காய்ந்தால் அந்த அறிவிப்புப் பிழையென்று சொல்ல முடியாததைப் போலவே, ஒரு வீரர் வெல்ல நூற்றுக்கு 40 வாய்ப்பு உண்டு என்று கூறும் மாதிரி, அவர் தோற்பதற்கே கூடுதல் வாய்ப்பு இருக்கிறது என்பதையும் அதே மூச்சில் கூறுகிறது. புறப்படும் 175 பேரும் சம வலுவுடையவர்களாயின் ஒவ்வொருவருக்கும் உள்ள வாய்ப்பு நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. அந்நிலையிலிருந்து ஒருவரின் வாய்ப்பை 40 ஆக உயர்த்திக் கூற முடிவதே பெரிய அறிவு. இக்காரணத்தால் ஆய்வாளர்கள் வெற்றியாளர் ஒருவரைச் சுட்டுவதைவிட முதல் பத்து இடங்களில் வரக்கூடியோரைச் சுட்டுவதில் கூடுதல் நம்பிக்கை கொள்கின்றனர்.

கணிப்பை மீறியவர்கள்

எந்த மாதிரியும் எதிர்பாராத வெற்றிகள் கிளாசிக் ஓட்டங்களின் வரலாற்றில் நிறைந்துள்ளன. அவுஸ்திரேலியாவின் மத்தியூ ஹேமன் 2016 பெப்ரவரி இறுதியில் விழுந்து கையை முறித்துக்கொண்டார். வெளியே ஓட முடியாத வாரங்களில் வீட்டினுள் நிலைநிறுத்திய சைக்கிளில் பயிற்சி செய்து, ஏப்ரலில் பாரிஸ்–ரூபேக்கு வந்து, ஐந்தாவது வெற்றியைத் தேடிய பூனெனையே இறுதி வேகத்தில் முந்தினார். அப்போது அவருக்கு வயது 37. இத்தாலியின் அல்பெர்ட்டோ பெத்தியோல் 2019இல் பிளாண்டர்ஸ் சுற்றோட்டத்தை வென்றபோது, அதுவே அவரது முதலாவது தொழில்முறை வெற்றி. மழையிலும் சேற்றிலும் 2021 ஒக்டோபரில் நடைபெற்ற பாரிஸ்–ரூபேயில் சொன்னி கொல்பிரெல்லி, ஃபுளோரியன் வெர்மெர்ஷ், வான் டெர் போல் ஆகிய மூவரும் முதல் மூன்று இடங்களைப் பெற்றனர்; மூவருமே அந்த ஓட்டத்தில் அன்றுதான் முதன்முறையாகப் பங்குபற்றினர். அனுபவமே முதன்மை என்னும் நம்பிக்கையை அந்த ஒரு நாள் அசைத்தது. கனடாவின் அலிசன் ஜாக்சன் 2023ஆம் ஆண்டின் மகளிர் பாரிஸ்–ரூபேயை வென்ற முறையும் அத்தகையதே. தொடக்கத்திலேயே பிரிந்து செல்லும் சிறு குழு இறுதியில் பிடிபடும் என்பது பொது வழக்காயிருக்க, அவரது குழு பிடிபடவேயில்லை.

எதிர்ப்பக்கத்துச் சான்றாக வான் ஆர்ட்டைக் கூறலாம். அளக்கக்கூடிய எல்லா அளவுகளிலும் தம் தலைமுறையின் மிகச் சிறந்த கிளாசிக் வீரர்களுள் ஒருவரான அவர், 2025ஆம் ஆண்டின் இறுதிவரை வென்ற மொனுமென்ட் ஒன்றே, 2020ஆம் ஆண்டின் மிலான்–சான் ரெமோ. 2023ஆம் ஆண்டின் பாரிஸ்–ரூபேயில் வான் டெர் போலோடு முன்னணியில் சென்றபோது, முடிவைத் தீர்மானிக்கும் கற்பாதையில் அவரது சக்கரம் காற்றிழந்தது. 2024இல் பிளாண்டர்ஸ் சுற்றோட்டத்துக்குச் சில நாட்களுக்கு முன் விழுந்து எலும்புகள் முறிந்து, அவ்வோட்டத்தையும் அவ்வாண்டின் பாரிஸ்–ரூபேயையும் இழந்தார். இவற்றைத் திறமைக் குறைவென்று எழுதுவது அநீதி. இத்தகைய நாட்கள் எல்லாத் துறைகளிலும் நேர்வனவே. ஒரு நாள் ஓட்டத்தில் அவற்றை ஈடுசெய்ய மறுநாள் இல்லை என்பதே வேறுபாடு. ஆகவே ஒரு வீரரை ஒரு ஓட்டத்தின் முடிவைக் கொண்டு மதிப்பிடுதல் ஆகாது. பல ஆண்டுகளில் எத்தனை முறை அவர் இறுதி மணிநேரத்தில் முன்னணிக் குழுவில் இருந்தார் என்பதே நம்பத்தக்க அளவு.

அஸ்மாராவின் பாடம்

ஐரோப்பாவுக்கு வெளியே பிறந்த ஒருவரை இந்தக் கணக்குகள் எங்கே வைக்கும்? எரித்திரியாவின் தலைநகரான அஸ்மாரா, கடல்மட்டத்திலிருந்து 2300 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தில் அமைந்த மலைநகரம். இத்தாலியக் குடியேற்ற ஆட்சியின்போது அங்கு வந்த சைக்கிளோட்டத்தை மக்கள் தமதாக்கிக்கொண்டு, இன்று அந்நாட்டின் முதன்மை விளையாட்டாக வளர்த்துள்ளனர். அங்கே 2000இல் பிறந்த பினியம் கிர்மாய், சுவிற்சர்லாந்தின் எய்கில் நகரிலுள்ள உலகச் சைக்கிளோட்ட மையத்தில் பயிற்சி பெற்றார். பிளாண்டர்ஸ் பிரதேசத்தின் லுவென் நகரில் 2021இல் நடைபெற்ற உலகப் போட்டியில், 23 வயதுக்குட்பட்டோர் பிரிவில் இரண்டாமிடம் பெற்றார். அடுத்த ஆண்டு மார்ச் 27ஆம் திகதி, கற்பாதை ஏற்றங்களைக் கொண்ட கென்ட்–வெவெல்கெம் கிளாசிக் ஓட்டத்தை வென்று, அத்தகைய ஓட்டமொன்றை வென்ற முதலாவது ஆபிரிக்கக் கறுப்பின வீரரானார். 2024இல் பிரான்ஸ் சுற்றோட்டத்தின் மூன்று கட்டங்களையும், புள்ளிகளில் முதல்வருக்குரிய பச்சை மேலாடையையும் வென்றார்.

கிர்மாயின் வெற்றியில் மலைநாட்டுப் பிறப்புக்குப் பங்கு இருக்கலாம். ஆனால் அது மட்டுமே போதியதாக இருந்திருப்பின், உலகின் எல்லா மலைநாடுகளும் வெற்றியாளர்களைத் தந்திருக்கும். ஊரில் போட்டிகள் தொடர்ந்து நடைபெற்றமை, திறமையை இளம் வயதிலேயே கண்டுகொள்ள ஆட்கள் இருந்தமை, பிளாண்டர்ஸ் வீதிகளில் முன்கூட்டியே ஓடிப் பழகும் வாய்ப்புக் கிடைத்தமை ஆகிய மூன்றும் ஒன்றுசேர்ந்த இடத்திலேயே அவர் உருவானார். லுவெனில் அவர் பெற்ற இடம் எல்லாருடைய கண்ணுக்கும் தெரிந்த முன்னறிவிப்பாயிற்று. அவரை அங்கே அனுப்பாதிருந்தால் அந்த முன்னறிவிப்பே இருந்திராது.

பன்விலயில் எதை அளப்பது?

கண்டியிலிருந்து மடவளை, வத்தேகம வழியாகப் பன்விலவுக்குச் செல்லும் வீதியும், அதற்கப்பால் மடுல்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களுக்கு ஏறும் வீதிகளும், நக்கிள்ஸ் மலைத்தொடரின் அடிவாரத்தில் வளைந்து வளைந்து செல்கின்றன. ஒடுக்கம், தொடர் வளைவு, குறுகிய ஏற்றம், தார் பெயர்ந்த பகுதி, மழைக்காலத்து ஈரம் ஆகிய யாவும் அங்கே உண்டு. கிளாசிக் வீரரிடம் எதிர்பார்க்கப்படும் கையாளும் திறனுக்கு இவை நல்ல பயிற்சிக்களம். உடுதும்பறைக்கு அப்பால் மஹியங்கனையை நோக்கி இறங்கும் பதினெட்டு வளைவு வீதியும், கொழும்பு வீதியின் கடுகண்ணாவைக் கணவாயும் அதே மாவட்டத்தில் உள்ளன. சித்திரைப் புத்தாண்டுக் காலத்தில் நாடெங்கும் ஊர் விளையாட்டுக் கழகங்கள் நடத்தும் சைக்கிளோட்டங்களும் தம்மளவில் ஒரு நாள் ஓட்டங்களே. குறைவாயிருப்பது வீதியன்று, ஆளைக் கண்டறியும் முறையும் ஆண்டுதோறும் தொடரும் பதிவுமே.

வலுமானியின் விலை ஊர்க் கழகங்களுக்கு எட்டாததாக இருக்கலாம். எனினும் ஏற்றமொன்றும் நிறுத்தற் கடிகாரமும் நிறைகாட்டும் தராசும் இருந்தால் வலுவை ஓரளவு கணிக்க முடியும். வீரரும் சைக்கிளும் சேர்ந்த எடையை 9.81 என்னும் புவியீர்ப்பு எண்ணாலும், ஏறிய செங்குத்து உயரத்தாலும் பெருக்கி, எடுத்த நேரத்தின் விநாடிகளால் வகுத்தால் ஏற்றத்துக்குச் செலவான வலு வாற்றில் கிடைக்கும். எடுத்துக்காட்டாக, 55 கிலோகிராம் எடையுள்ள மாணவர் ஒருவர் 10 கிலோகிராம் சைக்கிளில் 200 மீற்றர் உயரத்தை 12 நிமிடத்தில் ஏறினால், அவரது வலு ஏறத்தாழ 177 வாற்று, கிலோகிராமுக்கு 3.2 வாற்று. காற்றையும் சக்கரத்தின் உராய்வையும் வெல்லச் செலவாகும் பங்கு இதில் சேரவில்லை என்றாலும், ஒரே ஏற்றத்தில் பலரை ஒப்பிட இது போதும். உலகின் முன்னணி மலையேற்ற வீரர்கள் இருபது நிமிடத்துக்கு மேல் கிலோகிராமுக்கு 6 வாற்றைத் தாக்குப்பிடிக்கின்றனர் என்பது ஒப்பீட்டுக்கு உதவும்.

ஆனால் ஒருமுறை அளப்பதோடு நின்றுவிட்டால் பழைய பிழையே திரும்பவும் நேரும். அதே மாணவர் மூன்று மணிநேரம் ஓடிய பின் அதே ஏற்றத்தை 13 நிமிடத்தில் ஏறுகிறார் என்றும், அவரை ஒத்த எடையுள்ள இன்னொருவர் காலையில் 11 நிமிடத்தில் ஏறி, மூன்று மணிநேரத்துக்குப் பின் பதின்மூன்றரை நிமிடம் எடுக்கிறார் என்றும் கொள்வோம். காலைச் சோதனை மட்டும் நடந்திருந்தால் இரண்டாமவரே தெரிவாவார். ஆனால் அவர் தம் வலுவில் ஏறத்தாழ 18.5 வீதத்தை இழக்க, முதலாமவர் இழப்பது 8 வீதத்துக்கும் குறைவே. நீண்ட ஓட்டத்தின் இறுதி ஏற்றத்தில் முன்னால் நிற்பவர் முதலாமவரே. குறுந்தூரச் சோதனைகளால் மட்டும் ஆட்களைத் தெரிவு செய்யும் கழகம், தனக்கு மிகத் தேவையானவரையே வீட்டுக்கு அனுப்பிவிடும் அபாயம் இதில் இருக்கிறது.

ஆகவே பன்விலயிலும் சுற்றியுள்ள தோட்டப் பகுதிகளிலும் உள்ள பாடசாலைகளும் விளையாட்டுக் கழகங்களும் செய்யத்தக்கது ஒன்று உண்டு. ஊருக்கு ஓர் ஏற்றத்தைத் தெரிந்தெடுத்து, அதன் செங்குத்து உயரத்தை ஒருமுறை சரியாக அளந்து, மாணவர், மாணவியர் ஒவ்வொருவரின் புத்துணர்வு நேரத்தையும் களைப்புக்குப் பிந்திய நேரத்தையும் ஒரே குறிப்பேட்டில் ஆண்டுதோறும் பதிய வேண்டும். மதிப்பீட்டுக்காக ஓடும் மணிநேரங்கள் வயதுக்கேற்ப அமைய வேண்டும். தலைக்கவசமின்றி எவரும் இறக்கத்தில் ஓடக் கூடாது. வாகனப் போக்குவரத்துக் குறைந்த காலை வேளையே இதற்கு உகந்தது. ஒரு போட்டியில் தோற்றவரின் பெயரைக் குறிப்பேட்டிலிருந்து நீக்காமல், இறுதிப் பகுதியில் முன்னணியில் யார் யார் இருந்தனர் என்பதையும் எழுதிவைக்க வேண்டும். சில ஆண்டுகளில் அக்குறிப்பேடே, எந்தக் கணினி மாதிரியும் இன்று தர முடியாத கணிப்பை அந்த ஊருக்குத் தரும். அதைத் தொடங்குவதற்குத் தேவையானது ஒரு கடிகாரமும், அதைப் பிடித்து நிற்கப் பொறுமையுள்ள ஓர் ஆசிரியருமே.